நாற்காலியில் அக்கினி

முதல் தடவை நிரப்பி அவளைக் கொளுத்திவிட்டது.

பெயர் செய்த வேலை. அகின்யி என்பது அவள் உம்மா ஊர்ப் பெயர். கென்யாவில் ஏரிக்கரைப் பக்கம், விடிகாலையில் பிறக்கிற பெண்பிள்ளைக்கு வைப்பார்கள். மண்ணடித் தெரு அதை வாயில் போட்டு மென்று, பிறந்து நாற்பது நாள் கழிவதற்குள் அக்கினி ஆக்கிவிட்டது. வாப்பா செய்யது மீரான் கப்பல் சாமான் வியாபாரி. கயிறு, கொக்கி, தார்ப்பாய். மொம்பாசாவுக்குச் சரக்கோடு போய், துறைமுகத்தில் எடை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியோடு திரும்பி வந்தவர். மகள் பெயர் திரிந்ததற்கெல்லாம் வருத்தப்படவில்லை. "கூப்பிட்டா திரும்பிப் பாக்குதுல்ல, அது போதும்" என்றுவிட்டார்.

ஆனால் வடபழனி ஸ்டுடியோவில் பரிமேலழகன் அந்தப் பெயரைத் தட்டியதும் நிரப்பி இயந்திரம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. திரையில் நாற்காலிக் காலில் தீ. முந்தானையில் தீ. நெற்றிச் சுருள்முடி ஒவ்வொன்றும் சூட விளக்கு மாதிரி எரிய, நடுவில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

"பேரை எடுத்துட்டேங்க," என்றான் பரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதுக்குப் பேரு வேற, பொருள் வேறன்னு தெரியாது. இப்ப பாருங்க."

இப்போதெல்லாம் பாட்டுக்கு யாரும் படம் பிடிப்பதில்லை. பாடுகிறவர், சுற்றிலும் கேமரா வைத்த பிடிப்பு அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் பாடி, நடந்து, திரும்பிக் காட்டினால் போதும். டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்பது போல. மிச்சத்தை நிரப்பி தைத்துக் கொடுத்துவிடும். இடம், ஆள், வெயில், மழை, கூட்டம், எல்லாம் அதன் கைவரிசை. ஊரில் உள்ள ஸ்டுடியோக்கள் அத்தனைக்கும் ஒரே நிரப்பிதான்; அதன் சொந்தக்காரர் தணிகாசலம். எல்லாரும் ஒரே தொட்டியில் தண்ணீர் எடுக்கிற கதை.

அவள் பாட்டின் பெயர் 'கட்டுப்படியாகாது'. வாப்பா கடைக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பாட்டு. கடையில் ஒரு பெண் இருக்கிறாள். வருகிறவன் ஒவ்வொருவனும் சரக்கை விட்டுவிட்டு அவளை விலை கேட்கிறான்.

*கண்ணுக்கு ஒரு விலை சொன்னே, கட்டுப்படியாகாது*
*கையையும் சேத்துக் கேட்டே, கட்டுப்படியாகாது*
*கடையைச் சாத்திட்டு வான்னே, ஐயா,*
*கல்லா மேல சத்தியம், கட்டுப்படியாகாது*

பாட்டு முடியும்வரை அவள் எழுந்திருக்க மாட்டாள். பாட்டே அதுதான். மண்ணடியில் பேரம் நடக்கிறபோது உட்கார்ந்தவர் எழுந்தால், படிந்துவிட்டது என்று அர்த்தம். முதுகு பிடித்துக்கொண்டது, பாத்ரூம் வருகிறது என்ற சாக்கெல்லாம் செல்லாது. எழுந்தாயா, சரக்கு போயிற்று. வாப்பா ஒருமுறை காலில் தேள் ஏறியும் எழாமல் இருந்து விலையை முடித்தார் என்று கடைப்பையன்கள் சொல்வார்கள். தேளைப் பார்த்தவர் யாரும் இல்லை, ஆனால் வாப்பாவைப் பார்த்தால் நம்பலாம்.

திரையில் கடை வந்தது. தார்ப்பாய் மணம்கூட வரும்போலிருந்தது. நடுவில் மர நாற்காலி. அதில் அவள், அரக்குப் புடவையில். முதல் சரணம் சரியாகப் போனது. அக்கினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது சரணத்தில் திரைக்குள் இருந்தவளின் முழங்கால் நடுங்கியது.

பிறகு எழுந்தாள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது மாதிரி எழுந்தாள். வாய் மூடிக்கொண்டது. குரல் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. கேமராவுக்கு முதுகைக் காட்டிக் கடையின் பின்பக்கம் போய், அங்கே கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் இடுப்பை ஆட்டத் தொடங்கினாள். புடவை எங்கே போனதென்று தெரியவில்லை. தோளில் எண்ணெய் மினுங்கியது. இடுப்பில் இறகுகள்.

நாற்காலி காலியாகக் கிடந்தது. நிரப்பிக்குக் காலி இடம் ஆகாது. ஒருத்தியைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தது. எலுமிச்சை நிறத்தில் ஒருத்தி. அவள் வாயைத் திறந்தாள். அக்கினியின் குரல் வந்தது.

"நிறுத்துங்க," என்றாள் அக்கினி.

பரி நிறுத்தினான்.

"நான் எதுக்கு ஆடறேன்?"

"நீங்க ஆடலைங்க. அது ஆட்டுது."

"அதான் எதுக்கு?"

பரி தாடியைச் சொறிந்தான். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் அவன் செய்கிற சடங்கு அது. "நிரப்பி தானா எதையும் யோசிக்காதுங்க. இத்தனை வருஷப் பாட்டுக் காட்சி அத்தனையும் போட்டுக் காமிச்சிருக்கு. அதுல என்ன பார்த்துச்சோ அதைத்தான் திருப்பிக் குடுக்கும். உங்க மாதிரி பொண்ணுங்க அதுல நிறைய பேர் இருக்காங்க. ஆனா..."

"சொல்லுங்க."

"எல்லாரும் பின்னாடி. எல்லாரும் ஆடிக்கிட்டு. ஒருத்தரும் உட்காரல. ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதுக்கு நீங்க உட்கார்றது, மேல விட்ட கல்லு கீழ வராம நிக்கிற மாதிரி. தப்புன்னு நெனச்சுத் திருத்துது."

"இந்த வெள்ளைக்காரி யாரு?"

"வெள்ளைக்காரி இல்லீங்க. கலரான பொண்ணு."

அக்கினி அவனைப் பார்த்தாள். மெட்ராஸில் கலர் என்றால் ஒரே ஒரு கலர்தான். மற்றதெல்லாம் கலரில் சேர்த்தி இல்லை. அவன் சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்ததைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் வாப்பாவிடம் போனை நீட்டினாள். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் சரக்கு கெட்டிருந்தால் முதலில் அவரிடம் காட்டுவதுதான் வழக்கம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். இரண்டாவது சரணம் வந்ததும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது யாரு புள்ள?"

"நான்தான் வாப்பா."

"உங்க உம்மாவுக்கே ஆட வராதேம்மா. கல்யாண வீட்டுல கை தட்டச் சொன்னா அதுலகூட தாளம் தப்பும்." அவர் தெருவைப் பார்த்தே பேசினார். "அவ இந்த ஊருக்கு வந்த புதுசுல ரெண்டு சினிமாக்காரனுவ கடைக்கே வந்துட்டானுவ. ஆட வர்றியாம்மான்னு. அவ சரக்குக்கு எடை போட்டுக்கிட்டிருந்தா. தலையக்கூட நிமித்தல. இப்ப அவ இல்லாத நேரம் பாத்து உன்ன எழுப்பிட்டானுவ பாரு."

"சரி பண்ணிடலாம் வாப்பா."

"பண்ணு. ஆனா எந்திரிச்ச படத்த வெளிய உடாத. உட்டா அதுதான் நீ."

அதற்கு மேல் அவளுக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு பாட்டு. அதில் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பரி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். "தப்பா எடுத்துக்காதீங்க," என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் சொன்னான். அவளை முதலில் கலராக்கி நிரப்பியிடம் கொடுப்பது. உட்கார்ந்த பிறகு பழைய நிறத்துக்கு மாற்றிக்கொள்வது.

செய்தான். எலுமிச்சை நிறத்து அக்கினி நாற்காலியில் சாய்ந்து, ராஜாத்தி போல உட்கார்ந்து, பாட்டு முழுக்கப் பாடினாள். முழங்கால் அசையவில்லை. அதே மூக்கு, அதே உதடு, அதே பல் இடைவெளி. அக்கினி பார்வையை விலக்கிக்கொண்டாள். இரவல் நகை போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிற கூச்சம்கூட இல்லை இது; வேறு யாரோ தன்னைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிற மாதிரி.

"இப்ப மாத்தறேன்," என்றான் பரி.

கறுப்பு மெல்ல ஏறியது. விரல் நுனியில் தொடங்கி முழங்கை, தோள், கழுத்து. கன்னத்தைத் தொட்டதும் திரையில் இருந்தவள் திடுக்கிட்டாள். சினிமா ஹாலில் தெரியாமல் அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்தவர் டார்ச் வெளிச்சம் பட்டதும் எழுவாரே, அப்படி எழுந்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். பின்னால் போனாள்.

அந்தச் சிரிப்பை அக்கினி பல நாள் மறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிச் சிரித்ததில்லை.

"வேற ஏதாவது பாட்டு எடுத்துக்குவோமா?" என்றான் பரி. "ஆடற பாட்டா?"

"பரி, உங்க நிரப்பிக்கு எங்கேயாவது, ஒரே ஒரு தடவையாவது, நாங்க உட்கார்ந்து காமிச்சிருக்கோமா இல்லையா? எத்தனை வருஷம் ஆடினாங்க? கால் வலிக்காதா? ஆடாத நேரத்துல என்ன பண்ணுவாங்க?"

பரி தாடியிலிருந்து கையை எடுத்தான். "என்.ஜி.," என்றான்.

சரியாக வராத ஷாட்டுக்கு சினிமாவில் அப்படித்தான் பெயர். அதை யாரும் பார்ப்பதில்லை, நிரப்பிக்கும் காட்டியதில்லை. ஆனால் சினிமாக்காரன் ஏகாதசி விரதத்தைக்கூட விட்டுவிடுவான், எடுத்த படத்தை விடமாட்டான். சாலிகிராமத்தில் மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றின் குடோனிலிருந்து பரி ஒரு பெட்டி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தான். பெட்டியில் எலிப் புழுக்கை. டிஸ்க்கில் அவர்கள்.

ஷாட் முடிந்து கட் சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆபரேட்டர் டீக்குப் போயிருப்பார். இறகுப் பாவாடை கட்டி, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய பெண்கள், மூச்சு வாங்கியபடி, கவிழ்த்த லைட் பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே படிக்க வந்த பிள்ளைகளாக இருக்கும். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தாள். ஒருத்தி முழங்கால் மேல் தடிப் புத்தகத்தை விரித்து, உதடு அசையப் பரீட்சைக்குப் படித்தாள். ஒருத்தி எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் நீட்ட, வாங்கியவள் மிளகாயைக் கடித்துவிட்டு வாய்க்கு நேரே கையை விசிறினாள். டான்ஸ் மாஸ்டர் எதற்கோ குரல் கொடுத்தார். "போய்யா," என்றாள் ஒருத்தி, சுத்தமான மெட்ராஸ் தமிழில். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காமல் ஒருத்தி இருந்தாள். கடைசிப் பெட்டியில். கேமரா ஓடுவதை அவள் மட்டும் கவனித்துவிட்டாள். எழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நேராகப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தன்னைப் பார்க்கிற ஆள் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அக்கினி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அந்தப் பார்வையும் நகர்ந்த மாதிரி இருந்தது.

"இவங்க பேரெல்லாம்?"

"கிளாப்புல 'ஆப்பிரிக்கா க்ரூப்'னு மட்டும் எழுதியிருக்குங்க."

"போட்டுக் காமிங்க," என்றாள். "உங்க நிரப்பிக்கு இவங்கள எல்லாம் காமிங்க."

காட்டினான். மறுநாள் வந்த அவுட்புட்டில் அக்கினி உட்கார்ந்தாள். முதல் சரணம், இரண்டாம் சரணம், மூன்றாம் சரணம். எழவில்லை. ஆனால் இரண்டாம் சரணத்தில் அவள் செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தாள். அக்கினி அப்படிச் செய்ததே இல்லை. மூன்றாம் சரணத்துக்கு முன் இசை வருகிற இடத்தில் அவள் உதடு எதையோ மனப்பாடம் செய்தது. கடைசி 'கட்டுப்படியாகாது'வைப் பாடிவிட்டு நேராகப் பார்த்தாள். அது அக்கினியின் கண், ஆனால் அக்கினியின் பார்வை இல்லை.

பரிக்குக் கை ரோமம் எழுந்து நின்றது. "நீங்க மட்டும் இல்லீங்க இதுல. பிரிச்சு எடுத்துடவா?"

"கை வெச்சீங்க, கையை உடைப்பேன்," என்றாள் அக்கினி. அழுதுகொண்டிருந்தாள்.

நிரப்பி எல்லா ஸ்டுடியோவுக்கும் பொதுத் தொட்டி என்பதை இருவருமே மறந்துபோனார்கள்.

அந்த வாரம் பெரிய நட்சத்திரம் ஒருவரின் கல்யாணப் பாட்டு வெளியானது. பாதிப் பாட்டில், பின்னால் ஆடிக்கொண்டிருந்த கறுப்புப் பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்தாள். நட்சத்திரம் முன்னால் தனியாக ஆடிக்கொண்டிருந்தார், ஊர்வலம் வேறு தெருவில் திரும்பியது தெரியாமல் நடந்துபோகிற மாப்பிள்ளை போல. அடுத்து ஒரு கடற்கரைப் பாட்டு. அடுத்து ஒரு திருவிழாப் பாட்டு. எல்லாவற்றிலும் கடைசியில் ஒருத்தி, எழாமல், நேராகப் பார்த்துக்கொண்டு. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்த இடம் வரும்போது போனைக் கவிழ்த்து வைத்தார்கள். "பாக்குறவ வந்துட்டா, மாத்து" என்று வீடுகளில் பேச்சு வந்தது.

தணிகாசலம் ஸ்டுடியோவுக்கே வந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கோபத்தை வெளியே காட்டாத குரல்.

"ஊரே உட்கார்ந்துடுச்சும்மா," என்றார்.

"உட்காருங்கண்ணே. டீ சொல்லட்டுமா?" நாற்காலியில் இருந்தபடியே கேட்டாள்.

"இருக்கட்டும். நிக்கறேன்."

அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். உட்காராதவர் எழவேண்டி வராது; அவர் உட்காரவே இல்லை.

"குப்பையைத் தொட்டியில கலக்கிட்டீங்க," என்றார். "பரியை வேலைய விட்டு எடுக்கச் சொல்றாங்க. நான் எடுக்கல. உங்க பாட்டையும் நிறுத்தச் சொல்றாங்க. அதையும் நிறுத்தல. குப்பைய மட்டும் எடுத்துடறேன்."

"எடுத்தா நான் எழுந்துடுவேனேண்ணே."

"மாட்டீங்க. அதுக்குத்தான் வந்தேன். நீங்க பிடிப்பு அறையில நாள் கணக்குல உட்காருங்க. விதவிதமா. அதைப் போட்டு நிரப்பிக்குக் காமிக்கறேன். சுத்தமான சரக்கு. இறகு இல்ல, கொட்டாவி இல்ல. உங்க பாட்டுல நீங்க உட்கார்ந்திருப்பீங்க, யாரோ குதிகாலைத் தேய்க்க மாட்டாங்க."

அக்கினி யோசித்தாள். அவளுக்குள் மண்ணடி விழித்துக்கொண்டது. நமக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனால் அது பேரம் இல்லை, பிச்சை.

"எனக்கு மட்டும்னா கட்டுப்படியாகாது. எங்க மாதிரி பொண்ணு எந்தப் பாட்டுல வந்தாலும், அவள முதல்ல உட்கார வைக்கணும். நிரப்பிக்கு அதுதான் முதல் பாடம். மத்ததெல்லாம் அப்புறம்."

"சரி," என்றார் தணிகாசலம்.

கேட்டதும் படிகிற சரக்கை வாப்பா இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அவள் தட்டவில்லை. மனசு வேறு இடத்தில் இருந்தது.

"அந்தப் பொண்ணுங்களும் இருக்கட்டும்ணே. என்.ஜி.யில இருக்கறவங்க. ஓரமா இருந்துட்டுப் போறாங்க."

"அது மட்டும் ஆகாது."

"ஏன்?"

"பாக்குறாம்மா ஒருத்தி. வாங்கறவன் பயப்படறான்."

"அவ பேர்கூட யாருக்கும் தெரியாதுண்ணே! இத்தன வருஷம் ஆடிட்டு, ஒரு தடவ உட்கார்ந்திருக்கா! அவளப் போய்..." குரல் உடைந்தது. அவரை நேருக்கு நேர் கேட்பதற்காக அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

தணிகாசலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். அக்கினியும் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

"நானும் ஒரு காலத்துல மண்ணடியில சரக்கு எடுத்தவன்தாம்மா," என்றார் அவர், கை கூப்பி. "படிஞ்சுதுன்னு வெச்சுக்கலாமா?"

"படியல" என்று அவள் சொல்லியிருக்கலாம். வேறு யாராவதாக இருந்தால் சொல்லியிருப்பார்கள்; இவள் செய்யது மீரான் மகள். அவள் உள்ளங்கையைப் பார்த்தாள், சரியென்று தலையை ஆட்டினாள். பரி அன்றைக்கே டிஸ்க்குகளை அழித்தான். கடைசிப் பெட்டிக்காரி அழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டேயிருந்தாள் என்று சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிடிப்பு அறையில் அக்கினி உட்கார்ந்தாள். பட்டில், பருத்தியில், ஜீன்ஸில். டீ குடித்து, யோசித்து, சிரித்து, மறுத்து, கேட்டு. கணுக்காலைப் பின்னிப் போட்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கி. சுற்றிலும் கேமராக்கள் கொசுக்கூட்டம் போல முனகின. நான் உட்காருவது எனக்காக மட்டும் இல்லை, எனக்குப் பின்னால் வருகிற எல்லாருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பு மரத்துப்போனாலும் எழவில்லை.

பாட்டு வெளியானது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆட்டம் ஒன்றும் இல்லாத பாட்டு ஆட்டோவிலும் ஜூஸ் கடையிலும் ஓடியது. காய்கறிக்காரிகள் 'கட்டுப்படியாகாது' என்று பாடியே பேரத்தை முடித்தார்கள். மண்ணடியில் செய்யது மீரான் கடை வாசலில் கூட்டம் கூடிப் பார்த்தது. முடிந்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கடசிவரைக்கும் எந்திரிக்கல," என்றார், தெருவுக்கே கேட்க.

மெட்ரோவில் ஆப்பிரிக்கப் பெண்களைக் கண்டால் ஆட்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள் என்று யாரோ எழுதினார்கள். அக்கினி படித்துவிட்டுச் சிரித்தாள்.

பாட்டுகளில் அவர்கள் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டார்கள். காதல் பாட்டில் ஒருத்தி ஊஞ்சலில். அறுவடைப் பாட்டில் ஒருத்தி வரப்பில். மழையில் எல்லாரும் ஓட, ஒருத்தி பெஞ்சில் நனைந்துகொண்டு. போர்ப் பாட்டு ஒன்றில் குண்டு விழுகிறது, சிப்பாய்கள் சிதறுகிறார்கள், நடுவில் ஒருத்தி தாடையைக் கொஞ்சம் தூக்கியபடி. முகங்கள் வேறு வேறு. அக்கினிக்கு மட்டும் அவற்றில் தன் கணுக்கால்கள் தெரிந்தன. ஒரு நாள் டீக்கடையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டுப் பாட்டு பார்த்தவள், டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள். எதையோ தேடினாள். நேராகப் பார்க்கிற ஒருத்தியை. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அழகாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் பரி கூப்பிட்டான். "கொஞ்சம் வர முடியுமாங்க? ஒரு பொண்ணு வந்திருக்கா. உங்களைப் பார்க்காம போக மாட்டேங்கறா."

உகாண்டாவிலிருந்து தாம்பரம் காலேஜில் படிக்க வந்த பெண். நலுபேகா என்று பெயர். நனைந்த தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தவள், அக்கினியைப் பார்த்ததும் துண்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! உங்க பாட்டு கேட்டுத்தான் தமிழ் கத்துக்கிட்டேன். கட்டுப்படியாகாது! மார்க்கெட்ல சொல்றேன், எல்லாரும் குறைக்கறாங்க."

"நீ பாடுவியா?"

"இல்லக்கா. நான் ஆடுவேன். எங்க ஊர் ஆட்டம். எங்க அம்மா, அம்மாவோட தங்கச்சி, எல்லாரும் ஆடுவாங்க. காமிக்கட்டா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டுடியோவின் நடுவில், வயர்களுக்கு மத்தியில், ஆடினாள். இடுப்பில் தொடங்கிய துடிப்பு தோளுக்கு ஏறி, விரல் நுனியில் தெறித்து, மறுபடி பாதத்துக்கு இறங்கியது. யாருக்காகவும் ஆடவில்லை, யார் இருந்தாலும் ஆடியிருப்பாள். முகத்தில் அத்தனை சந்தோஷம். தான் தாளம் போடுவதைக்கூடப் பரி கவனிக்கவில்லை. அக்கினிக்குத் தன் கண் நிறைவது தெரிந்தது. இதை ஒருவரும் அவளிடமிருந்து வாங்கவில்லை, விற்கவும் சொல்லவில்லை.

"இதைத்தான் பதிவு பண்ணோம்," என்றான் பரி மெதுவாக. "முழுசா. மூணு தடவை. இப்ப அவுட்புட்டைப் பாருங்க."

திரையில் பொட்டல்வெளி ஒன்று. முரசு அதிர்ந்தது. புழுதி பறந்தது. நடுவில் நாற்காலி. அதில் நலுபேகா, பட்டுப் புடவையில், கணுக்காலைப் பின்னிக்கொண்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கி உட்கார்ந்திருந்தாள். முரசு உச்சத்துக்குப் போனது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேங்க," என்றான் பரி. "முதல் பாடம் அது. அதுக்கு மேல எதைப் போட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. மாத்தணும்னா தணிகாசலம் சார்தான். அவர்கிட்ட கேட்டேன். அந்தம்மா கேட்டு வாங்கின கண்டிஷன், நான் வாக்கு மீற மாட்டேன்ங்கறார்."

நலுபேகா திரைக்குப் பக்கத்தில் போய், தன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். சிரிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை. இது ஏதோ சின்னக் கோளாறு, பெரியவர்கள் வந்துவிட்டார்கள், சரியாகிவிடும் என்று நம்புகிற பிள்ளையின் முகம்.

"அக்கா, இது எப்ப எழுந்திருக்கும்?"

அக்கினி பரியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேக்கும்."

அக்கினி திரைக்கு முன்னால் வந்து நின்றாள். "எந்திரி," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். "எந்திரிம்மா."

திரையில் இருந்தவள் தலையை லேசாகச் சாய்த்து, மரியாதையாக, உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.